அப்பாயிய தலவாக்கலைக்கு கூட்டிட்டு போக கப்பலா, ஃப்ளைட்டா: நாங்க போட்ட கணக்கு

எங்க அப்பாயி 1978ல இலங்கையில தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல வந்து இறங்குனவங்க. அப்ப எங்க அப்பாவுக்கு ஏழு வயசு, சித்தப்பா கைக்குழந்தை. மண்டபம் கேம்ப்ல கொஞ்ச நாள் வெச்சிருந்து கோத்தகிரி பக்கம் டேன்டீங்கற அரசு தேயிலைத் தோட்டத்துல வேலைன்னு பேப்பர் குடுத்து அனுப்பிட்டாங்க, அன்னைக்கு மலை ஏறுனவங்கதான், அதுக்கப்பறம் கடல கண்ணால பாக்கல. அவங்க தங்கச்சி, எங்களுக்கு சின்ன அப்பாயி, அங்கயே இலங்கை மலைநாட்டுல தலவாக்கலைல தேயிலைத் தோட்டத்துல நின்னுட்டாங்க. 1964ல ரெண்டு நாட்டு பிரதமருங்க போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல, அங்க இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்ல இந்தியாவுக்கு 5,25,000 பேரு, அங்க குடியுரிமை 3,00,000 பேருக்கு, முடிவாகாம நின்ன 1,50,000 பேர 1974ல ரெண்டு நாடும் பாதி பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. அந்த மாதிரி எண்ணி பிரிச்சதுல ஒரே லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்ல, பொறந்த அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கு ஒரு நாடு.

இப்ப சின்ன அப்பாயிக்கு உடம்பு முடியல. வாட்ஸப்ல முகத்த பாத்துட்டு ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம அழுவாங்க, போன புடிச்சிட்டு நிக்கற எங்களுக்கு தாங்காது. "ஒருக்கா நேர்ல பாத்துட்டு வந்துடறேன்டா தம்பி"ன்னு அப்பாயி சொன்னப்ப சரின்னுட்டோம். பாஸ்போர்ட்டுக்கே பெரிய அலைச்சல், பொறந்த ஊரு இலங்கைன்னு இருக்கறதால பழைய குடும்ப அட்டையிலருந்து எல்லாத்தையும் தேடி எடுக்க வேண்டியதா போச்சு. அது கைக்கு வந்ததுக்கு அப்பறம்தான் எந்த வழியா போறதுன்னு பேச்சு ஆரம்பிச்சுது, அதுக்கே வீட்ல ரெண்டு மாசம் ஓடிடுச்சு. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, குன்னூர்னு எங்க மாதிரி வந்த குடும்பங்க நெறய, அதுல யாராவது இதே யோசனைல இருந்தா உதவும்னுதான் எல்லாத்தையும் எழுதறேன்.

நான் பச்சத்தேயிலை ஏத்தற பிக்கப் ஓட்டறேன். அதனால எதப்பாத்தாலும் லோடு எப்படி ஏறுது, எப்படி நிக்குது, எப்படி இறங்குதுன்னுதான் மனசு போகும், அந்தக் கண்ணோடயே பாத்ததா வெச்சுக்கங்க.

எங்க முன்னாடி இருந்த வழி மூணு. நாகப்பட்டினத்துல இருந்து யாழ்ப்பாணத்துக்கு பக்கத்துல இருக்கற காங்கேசன்துறைக்கு கப்பல். திருச்சியில இருந்து யாழ்ப்பாணத்துக்கு சின்ன ஃப்ளைட்டு. திருச்சி இல்ல மதுரையில இருந்து கொழும்புக்கு ஃப்ளைட்டு. நாலாவதா ஒண்ணு சித்தப்பா கேட்டாரு, தன்னோட ஜீப்ப கப்பல்ல ஏத்தி கோத்தகிரியில ஏறுன சீட்டுல இருந்து எந்திரிக்காம அம்மாவ தலவாக்கலை லயத்து வாசல்ல இறக்கணும்னு. அப்படி ஒரு கப்பல் இன்னைக்கு இந்தக் கடல்ல கெடயாது. ஆனா அவர் கேட்டது நியாயமான கேள்விதான், அதப்பத்தி தேடி தெரிஞ்சுக்கிட்டதுதான் கடைசியில முடிவெடுக்கவும் உதவுச்சு, அதனால அதையும் சொல்லிடறேன்.

மொதல்ல நாகப்பட்டினம் கப்பல். 2023 அக்டோபர் 14ம் தேதி இத ஆரம்பிச்சாங்க, கொச்சி கப்பல் கட்டும் தளத்துல லட்சத்தீவுக்காக கட்டுன செரியபாணிங்கற 150 பேர் ஏறற அதிவேகக் கப்பல வெச்சு. ஒரு வாரத்துலயே நிறுத்திட்டாங்க, வடகிழக்கு பருவமழை வந்துடுச்சு. அதுக்கப்பறம் 2024 ஆகஸ்ட் 16ல இருந்து சிவகங்கைங்கற கப்பல் ஓட ஆரம்பிச்சுது, அதுவும் 150 பேர் கணக்குதான். தூரம் 60 கடல் மைல், நம்ம கணக்குல 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஐப்பசி கார்த்திகையில வங்கக்கடல் என்ன நிலைமையில இருக்கும்னு நமக்கு தெரியும், அந்த மாசங்கள்ல இத நம்பி லீவு போடவே கூடாது. தை கடைசியில இருந்து சித்திரை வரைக்கும்தான் கடல் கொஞ்சம் அமைதியா கெடக்கும்.

ஏன் ஒரு கப்பல் மழைக்காலத்துல நிக்குது, இன்னொரு கப்பல் ஓடுதுங்கறது எனக்கு ரொம்ப நாளா புரியாம இருந்துச்சு. அதிவேகக் கப்பல்ங்கறது எடை கொறச்சலா கட்டுன கப்பல், எடை கொறஞ்சாதான் வேகம் வரும். அந்த மாதிரி கப்பல்களுக்கு உலகம் பூரா தனி விதி இருக்கு, இத்தன உயரம் வரைக்கும் அலை இருந்தா ஓட்டலாம், அதுக்கு மேல போனா கரையிலயே நிக்கணும்னு அனுமதிப் பத்திரத்துலயே எழுதிடுவாங்க. அதனால பயணம் ரத்துன்னு போன் வந்தா கோவப்படறதுல அர்த்தம் இல்ல, கப்பல கட்டுன விதத்துலயே அது இருக்கு. கனமான பெரிய கப்பலுக்கு அந்த எல்லை தாராளமா இருக்கும், ஆனா அதுக்கு ஆழமான துறைமுகம் வேணும், டீசல் செலவு எக்கச்சக்கம், ஆயிரம் பேர் ஏறுனாதான் கட்டுப்படியாகும்.

அதையும் ஒருதடவ பாத்தாச்சு. 2011 ஜூன்ல தூத்துக்குடி கொழும்பு நடுவுல ஸ்கோஷியா பிரின்ஸ்னு ஒரு கப்பல் விட்டாங்க. 1972ல கட்டுனது, அமெரிக்காவுல போர்ட்லாண்ட்ல இருந்து கனடாவுல யார்மத்துக்கு கார்களயும் ஆளுங்களயும் ஏத்திட்டு வருஷக்கணக்கா ஓடுன கப்பல். வயித்துக்குள்ள கார் நிக்கற தளம், மேல படுத்துக்கற ரூம், ராத்திரி ஏறி காலையில இறங்கலாம். அந்த நவம்பர்லயே நின்னுடுச்சு. பெரிய கப்பல நெரப்பற அளவுக்கு ஆள் ஏறல. கப்பல் நல்லா இருந்தா மட்டும் போதாது, வாரத்துக்கு எத்தன நாள் ஓடுது, நெரயுதா, ரெண்டு கரையிலயும் பஸ்சு ரயிலு இருக்கான்னு எல்லாம் சேந்துதான் ஒரு சர்வீஸ் நிக்கும். நம்ம மேட்டுப்பாளையம் மலை ரயிலயே எடுத்துக்கங்க, பல்சக்கரம் எவ்வளவு நல்லா இருந்தாலும் கீழ கோயமுத்தூர்ல இருந்து வர்ற ரயிலோட நேரம் ஒத்துப்போகலன்னா அதுல யாரு ஏறுவா.

இனி சித்தப்பாவோட ஜீப்பு. நான் வண்டியோட கப்பல் ஏறுனது ஒரே எடத்துல, கொச்சியில. டீத்தூள் லோடு ஒண்ண வைப்பின் தீவுல இறக்கிட்டு திரும்பறப்ப ஃபோர்ட் கொச்சிக்கு ஜங்கார்ல வந்தேன். அங்க எல்லாரும் ஜங்கார்னுதான் சொல்றாங்க, முன்னாடியெல்லாம் ரெண்டு வள்ளத்த சேத்து மேல பலக அடிச்சு அதுல வண்டிய ஏத்துவாங்களாம், அதுல வந்த பேரு. இப்ப ஓடறது சேதுசாகர்னு 2018ல விட்ட ரெண்டு ரோரோ கப்பலு, அதாவது வண்டிய ஓட்டியே ஏத்தி இறக்கற கப்பலு, நாலு லாரி, 12 காரு, 50 ஆளு ஏறும். சில நிமிஷத்துல அக்கரை. எனக்கு அதுல ரொம்ப புடிச்சது, ரெண்டு தலையிலயும் ராம்ப் இருக்கு, ஒரு பக்கம் ஏறி நேரா போய் நின்னு மறுபக்கம் அப்படியே இறங்கிடலாம், ரிவர்ஸ் எடுக்கற வேலையே இல்ல. மலையில லோடு வண்டிய ரிவர்ஸ் எடுத்துப் பழகுனவனுக்குத்தான் அதோட அருமை தெரியும். கப்பலும் திரும்ப வேண்டியதில்ல, வந்த மாதிரியே பின்னாடி போயிடும், அதனால ஒரு நாளைக்கு நெறய நடை அடிக்க முடியுது.

அந்த ராம்ப்போட சரிவுதான் என் மனசுல நின்னுச்சு. தண்ணி ஏறி இறங்கும், லோடு ஏறுனா கப்பல் தாழும், இறங்குனா மேல வரும், ஆனா கரை அங்கயேதான் இருக்கும். ராம்ப் செங்குத்தா நின்னா நீளமான வண்டியோட அடி தட்டும், பெரியவங்க நடந்து ஏறவும் முடியாது. குஜராத்துல கோகா துறைமுகத்துல இதுதான் பெரிய வேலையா இருந்துச்சு, காம்பே வளைகுடாவுல ஏத்தவத்தம் 10 மீட்டர் வரைக்கும் போகும், மூணு மாடி உயரம் தண்ணி ஏறி இறங்குது. அதுக்காக கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல தண்ணியோட சேந்து ஏறி இறங்கற பாலம் போட்டாங்க. மொதல்ல கோகா தகேஜ்னு ஓட்டுனாங்க, தகேஜ் பக்கம் மண் அடிச்சு ஆழம் கொறஞ்சு நிறுத்த வேண்டியதா போச்சு, அப்பறம் 2020 நவம்பர்ல கோகா ஹசீரான்னு மாத்தி விட்டாங்க. அந்தக் கப்பல்ல 30 லாரி, 100 காரு, 500 ஆளு. ரோட்ல சுத்திப்போனா 370 கிலோமீட்டர், கடல்ல 90தான். மும்பையில இருந்து மாண்ட்வாவுக்கும் 2020 மார்ச்சுல இருந்து இதே மாதிரி ஒண்ணு ஓடுது, கிரேக்க நாட்டுல கட்டுனது, மூணு நாலு மணி நேர ரோடு ஒரு மணி நேரமா சுருங்கிடுச்சு.

நாகப்பட்டினம் பக்கம் ஏத்தவத்தம் ஒரு மீட்டருக்குள்ளதான், அதனால அந்த ஏறி இறங்கற பாலத்துக்கு பெரிய செலவு ஆகாதுன்னு நெனைக்கறேன். ரெண்டு நாட்டுலயும் வண்டி இடது பக்கம்தான் ஓட்டறோம், அதுவும் வசதி. நம்ம வண்டி அங்க போறதுக்கு கார்னெட்னு ஒரு சுங்கப் பத்திரம் எடுக்கணும், எடுத்துட்டு போன வண்டிய அங்க விக்காம திரும்ப கொண்டு வந்துடுவேன்னு குடுக்கற உறுதி அது, அதுக்கு ஜாமீன் பணமும் கட்டணும். இவ்வளவு இருந்தும் வண்டி ஏத்தற கப்பல் ஏன் எல்லா எடத்துலயும் சும்மா விட்டுட முடியாதுன்னா, அங்கதான் அந்த வண்டித் தளம் பத்தி சொல்லணும்.

மலையில லாரி ஓட்டறவன் எவனும் பாதி தண்ணி இருக்கற டேங்கர ஓட்ட பயப்படுவான். முழுசா இருந்தா பிரச்சன இல்ல, காலியா இருந்தாலும் இல்ல. பாதி இருந்தா கொண்டை ஊசி வளைவுல தண்ணி பூரா ஒரே பக்கம் ஓடி வண்டிய சாச்சுடும், வளைவு முடிஞ்சாலும் அது ஆடிக்கிட்டே இருக்கும். வண்டி ஏத்தற கப்பலோட தளம் அந்த டேங்கர் மாதிரியேதான், ஒரு தலையில இருந்து மறு தலை வரைக்கும் நடுவுல தடுப்பு சுவரே இல்லாத ஒரே ஹாலு, ஏன்னா வண்டி நேரா ஓடி வரணும். அதுக்குள்ள கணுக்கால் அளவு தண்ணி வந்தாலே போதும், கப்பல் கொஞ்சம் சாஞ்சதும் எல்லாம் அந்தப் பக்கமே ஓடும், இன்னும் சாயும், இன்னும் ஓடும். 1987 மார்ச் 6ம் தேதி பெல்ஜியத்துல ஜீப்ரூக் துறைமுகத்துல இருந்து கெளம்புன ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் கப்பல் முன்கதவ சாத்தாமயே போயிடுச்சு, தளத்துல தண்ணி ஏறி ஒண்ணர நிமிஷத்துல கவுந்து 193 பேர் செத்தாங்க. 1994 செப்டம்பர் 28ல பால்டிக் கடல்ல எஸ்டோனியா, புயல்ல முன்பக்க மூடி பிச்சுக்கிட்டு போய் 852 பேரு. 2014ல கொரியாவுல சேவோல், அதுல கதவு பிரச்சன இல்ல, அளவுக்கு மேல சரக்கு ஏத்தி சரியா கட்டாம விட்டது, திரும்பறப்ப எல்லாம் ஒரு பக்கம் சரிஞ்சு 304 பேரு, பாதிக்கு மேல ஸ்கூல் புள்ளைங்க.

அதப் படிச்ச ராத்திரி எனக்கு தூக்கமே வரல. தேயிலை மூட்டைய நாலு முடிச்சுக்கு பதிலா ரெண்டு முடிச்சு போட்டுட்டு எத்தன நாள் வளைவுல இறங்கியிருக்கேன். இப்ப போடறதில்ல.

எஸ்டோனியாவுக்கு அப்பறம் வட ஐரோப்பாவுல தளத்துல 50 சென்டிமீட்டர் வரைக்கும் தண்ணி நின்னாலும் கப்பல் கவுறாம நிக்கணும்னு விதி கொண்டுவந்தாங்க, தளத்த குறுக்க அடைக்கற கதவும் வந்துச்சு; கதவு சாத்தியாச்சான்னு மேல கேப்டனுக்கு காட்டற விளக்கு, கேமரா இதெல்லாம் ஹெரால்டுக்கு அப்பறமே வந்துடுச்சு. நான் சித்தப்பாகிட்ட சொன்னது இதுதான், வண்டிக்கப்பல் வந்தா ரொம்ப நல்லது, ஆனா கொச்சி ஜங்கார் மாதிரி திறந்த தளம் இந்தக் கடலுக்கு ஆகாது, அது காயல் தண்ணிக்கு கட்டுனது, 110 கிலோமீட்டர் நடுக்கடலுக்கு மூடுன தளம், நல்ல உயரமான முகப்பு, ஒவ்வொரு வண்டிக்கும் செயின் கொக்கி, அத மாட்டறதுக்கு ஆளு எல்லாம் வேணும். சீக்கிரம் வேணும்னு எதையாவது ஒண்ண விட்டுறக் கூடாது. அவர் கேட்டுட்டு, அப்ப ஜீப்பு வேண்டாம்னு விட்டுட்டாரு. ஜீப்புக்கு வேற வேல வந்துச்சு, அப்பறம் சொல்றேன்.

இப்ப அப்பாயிக்கு வர்றேன். எழுபது தாண்டிட்டாங்க, ரெண்டு முட்டியும் போச்சு, கொழுந்து கூடைய முதுகுல மாட்டி முப்பது வருஷம் சரிவுல நின்ன முட்டி. படி ஏறறதுதான் கஷ்டம், உக்காந்துட்டா எவ்வளவு நேரமும் உக்காருவாங்க. அதனால நான் எல்லா வழியிலயும் மொதல்ல பாத்தது டிக்கெட் விலைய இல்ல, கரையில இருந்து சீட்டு வரைக்கும் எத்தன படி, சீட்டுல இருந்து பாத்ரூமுக்கு எத்தன அடி, இதத்தான். முன்னாடி ஒருதடவ ஒரு சுற்றுலாப் படகுல அவங்கள ஏத்தப்போய், ஆட்ற பலகைல கைப்புடி கூட இல்லாம நடுவுல நின்னுட்டாங்க, முன்னாடியும் போக முடியல பின்னாடியும் வர முடியல, நானும் தம்பியும் தூக்கிட்டு வந்தோம். அன்னைக்கு அவங்களுக்கு வலிய விட வெக்கம்தான் பெருசா இருந்துச்சு. அது மறுபடி நடக்கக் கூடாது.

பயணிகள் கப்பல்ல ஏறறதுக்கு கரையில இருந்து ஒரு சின்ன ஏணிப்பாலம் போடுவாங்க, முன்னாடியே சொல்லிவெச்சா சக்கர நாற்காலியும் ஆளும் கேட்டு வாங்கலாம். கீழ்த்தளத்துல சீட்டு எடுத்தா உள்ள படி ஏற வேண்டியதில்ல. மேல்தளத்து பிரீமியம் சீட்டு விலையும் அதிகம், ஆட்டமும் அதிகம், உயரம் போகப்போக கப்பல் சாயறது நல்லா தெரியும், பஸ்ல கடைசி சீட்டு தூக்கிப்போடற மாதிரி. நடுவுல, கீழ, இதான் வயசானவங்களுக்கு எடம். அப்பாயி மேட்டுப்பாளையம் ரோட்ல பஸ்ல வந்தாலே வாந்தி எடுப்பாங்க, கண்டக்டர் கவரு குடுத்துடுவாரு. கடல்ல குமட்டறது வேற மாதிரி, அஞ்சு வினாடிக்கு ஒருதடவ மெதுவா மேல கீழ போற ஆட்டம்தான் வயித்த ரொம்ப பொரட்டும், வேகமா ஆடறது கூட அவ்வளவு செய்யாது. அவோமின் மாத்திரைய ஏறறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், வாந்தி வந்ததுக்கு அப்பறம் போட்டு பிரயோஜனம் இல்ல. ஆனா வயசானவங்களுக்கு அது தூக்கமும் தடுமாற்றமும் குடுக்கும், பிரஷர் மாத்திர சாப்பிடறவங்கன்னா டாக்டர கேக்காம குடுத்துடாதீங்க.

ஃப்ளைட்டு கணக்குக்கு வந்தா, திருச்சி யாழ்ப்பாணம் 2025 மார்ச் 30ல இருந்து இண்டிகோ விடுது, சென்னையில இருந்தும் இருக்கு. ரெண்டு இறக்கைலயும் காத்தாடி சுத்தற ஏடிஆர் விமானம், யாழ்ப்பாணத்து ஏர்போர்ட்டு இருக்கற பலாலியில இறங்கும். ஒரு மணி நேரம்தான். வாசல் உயரம் கொறச்சல், அஞ்சாறு படிதான். கொழும்பு ஃப்ளைட்டும் ஒரு மணி நேரப் பக்கம்தான், வீல்சேர் டிக்கெட் போடறப்பவே கேட்டுட்டா கார்ல இருந்து இறங்கறதுல இருந்து சீட்டு வரைக்கும் தள்ளிட்டு போயிடுவாங்க. இதுல சொல்றதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, இலங்கைக்கு ஈடிஏங்கற பயண அனுமதிய ஆன்லைன்ல எடுத்துக்கங்க, அதான்.

நடுவுல கடல எதுல தாண்டறதுங்கறதுலயே எல்லாரும் நிக்கறோம், ரெண்டு பக்கமும் இருக்கற தரை தூரத்த யாரும் கூட்டிப் பாக்கறதில்ல. கோத்தகிரியில இருந்து நாகப்பட்டினம் 425 கிலோமீட்டர் பக்கம் வரும், கோயமுத்தூர், கரூர், திருச்சி, தஞ்சாவூர்னு. கப்பல் காலையிலன்னா மொத நாளே போய் தங்கணும். அந்தப் பக்கம் காங்கேசன்துறையில இறங்குனா தலவாக்கலை இன்னும் 400 கிலோமீட்டருக்கு மேல, ஏ9 ரோட்ல கிளிநொச்சி, வவுனியா தாண்டி கண்டி, அப்பறம் மலை. யாழ்ப்பாணம் ஃப்ளைட்டுக்கும் இதே தூரம்தான். ஆனா கொழும்பு ஏர்போர்ட்டு கட்டுநாயக்கால இருக்கு, அங்கருந்து ஹட்டன் 130 கிலோமீட்டர் பக்கம், தலவாக்கலை அதத்தாண்டி கொஞ்ச தூரம். கப்பல்ல போனா வீடு சேர மூணு நாள், கொழும்பு ஃப்ளைட்டுன்னா விடிகாலம் திருச்சியில இருந்தா ராத்திரி சாப்பாடு தங்கச்சி வீட்ல. யாழ்ப்பாணத்துக்கோ கிளிநொச்சிக்கோ போறவங்களுக்கு கப்பல் நல்ல வழி, சாமான் ஏத்த வேண்டியிருந்தா இன்னும் நல்லது. மலைநாட்டுக்கு போற எங்க மாதிரி ஆளுங்களுக்கு அது சுத்து வழி. இத அப்பாயிகிட்ட சொல்றதுதான் பெரும்பாடா இருந்துச்சு, ஏன்னா அவங்களுக்கு கப்பல்தான் வேணும்.

ஏன் அப்படின்னு ஒருநாள் அடுப்பங்கரையில உக்காந்து கேட்டேன். 78ல கப்பல் கெளம்பறப்ப சித்தப்பா காய்ச்சல்ல கெடந்தாராம். கீழ மூட்டைங்களுக்கு நடுவுல அவர மடியில போட்டு உக்காந்திருக்காங்க, மேல தளத்துல எல்லாரும் நின்னு ஊரு மறையறத பாத்து கத்தி அழுத சத்தம் மட்டும் கேட்டுச்சாம். "எல்லாரும் பாத்தாங்கடா, நான் மட்டும் பாக்கல." நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல இத யார்கிட்டயும் சொல்லல, எங்க தாத்தாகிட்ட கூட.

அதுக்கப்பறம் நான் கணக்க மாத்திப் போட்டேன். போறப்ப அவசரம், சின்ன அப்பாயி எப்படி இருப்பாங்கன்னு தெரியாது, அந்த நேரத்துல கடல் சரியில்லன்னு நாகப்பட்டினம் லாட்ஜ்ல ரெண்டு நாள் உக்கார முடியாது. அதனால போறது திருச்சி கொழும்பு ஃப்ளைட்டு. வர்றப்ப அவசரம் இல்ல, பாக்க வேண்டியவங்கள பாத்தாச்சு, அப்ப கப்பல். கண்டியில ஒரு ராத்திரி, யாழ்ப்பாணத்துல ஒரு ராத்திரின்னு ரோட்ட ரெண்டா பிரிச்சுட்டா முட்டியும் தாங்கும். கப்பல் ரத்தானா பலாலி ஏர்போர்ட்டு காங்கேசன்துறைக்கு பக்கத்துலயே இருக்கு, ஒண்ணு ரெண்டு நாள் பாத்துட்டு திருச்சி ஃப்ளைட்டு புடிச்சு வந்துடலாம். அதே திசைதான், அன்னைக்கு வந்த மாதிரி அந்தக் கரையில இருந்து இந்தக் கரைக்கு. சும்மா கப்பல் ஆசைக்கு போறப்பவே கப்பல் எடுத்து, அது ரத்தாகி, மாத்து டிக்கெட்டுக்கு ரெண்டு மடங்கு குடுத்து போன ஒரு குடும்பம் எங்க லயன்லயே இருக்கு. தேதிய தள்ளிப்போட முடியாத பக்கத்துல ஃப்ளைட்டு, முடியற பக்கத்துல கப்பல்னு வெச்சுக்கிட்டா அந்தப் பாடு இல்ல.

மாசி மாசம் வெச்சிருக்கோம். பனி அடிச்சு கொழுந்து கொறஞ்சிருக்கும், எனக்கும் லோடு இருக்காது, கடலும் அடங்கியிருக்கும், மே மாச சீசன் கூட்டமும் இ-பாஸ் வரிசையும் இன்னும் ஆரம்பிச்சிருக்காது. திரும்பற டிக்கெட் மட்டும் தேதி மாத்திக்கற வசதியோட எடுக்கணும், கப்பலுக்கும் அதே மாதிரி ரத்தானா பணம் எப்படி திரும்ப வரும்னு எழுத்துல வாங்கி வெச்சுக்கங்க, வாய்ச்சொல்லா ஏஜெண்டு சொல்றத நம்ப வேண்டாம்.

சித்தப்பா ஜீப்ப எடுத்துட்டு எங்கள திருச்சி ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்துடுவாரு. பத்து நாள் கழிச்சு நாகப்பட்டினம் துறைமுகத்து வாசல்ல அதே ஜீப்போட நிப்பாரு, முன் சீட்டுல தலகாணி போட்டு. அப்பாயி அவர்கிட்ட சொல்லிட்டாங்க, "நீ கரையில நில்லு, இந்தத் தடவ மடியில யாரும் இல்ல"ன்னு.

கப்பல்ல கீழ்த்தளத்துல நடுப்பக்கம்தான் எடுக்கணும்னு மேல நானே எழுதியிருக்கேன். ஆனா அவங்களுக்கு மட்டும் ஜன்னலோரம், கரை தெரியற பக்கம் கேட்டிருக்கேன். ஆட்டம் கொஞ்சம் கூடுதலா இருக்கும், தெரிஞ்சுதான் கேட்டேன். மாத்திரைய டாக்டர்கிட்ட காட்டியாச்சு, பாதி போதும்னாரு, முழுசா போட்டா தூங்கிடுவாங்களாம்.